தீயும் கவனக்குறைவும்

குடிசையொன்று எரிந்தால் மறுநாட் பத்திரிகையின் மூலையில் நான்கு வரிச் செய்தி வெளியாகும். அதன் இறுதி வரியை நாம் வாசிக்காமலே சொல்லிவிடலாம்: கவனக்குறைவே விபத்துக்குக் காரணமாம். எழுதியவர் கடமை முடித்தார். வாசித்தவர் அனுதாபத்தோடு தாளை மடித்தார். எரிந்தவளோ உடலின் வேதனையோடு குற்றத்தின் சுமையையும் சேர்த்துத் தாங்குகிறாள். இந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லையே இங்கு விசாரணைக் கூண்டில் ஏற்ற விரும்புகிறேன்.

முல்லைத்தீவில் நான் கற்பிக்கும் பத்தாந் தர வகுப்பில், வீட்டில் தீ விபத்தைத் தவிர்ப்பது எவ்வாறு என்று கட்டுரை எழுதப் பணித்தேன். எரியும் விளக்கைச் சிறுவர்க்கு எட்டாதவாறு மேசைமீது வைத்தல் வேண்டும் எனப் பெரும்பாலோர் பாடநூல் நடையில் எழுதினர். இடக்கையில் முழங்கைவரை தழும்புடைய மாணவி ஒருத்தி, "எங்கள் வீட்டில் மேசை இல்லை" என்று மட்டும் எழுதித் தந்தாள். 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டதல்லவா? அந்நாட்களில், நிலத்தில் வைத்த போத்தல் விளக்கு அவளுடைய தம்பியின் கால்பட்டுச் சரிந்தது. தழும்பின் வரலாறு அவ்வளவே. இதில் கவனக்குறைவு யாருடையது? தவழ்ந்த குழந்தையினதா? கூலிவேலை முடித்து வந்து இருளிற் சோறு வடித்த தாயினதா?

வன்னி மக்களுக்கு இவ்விளக்கு புதியதன்று. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது, மண்ணெண்ணெய் துளித்துளியாக அளக்கப்பட்ட காலத்தில், ஜாம் போத்தலிற் பஞ்சும் திரியும் இட்டு ஏற்றிய சுடரிலேதான் ஒரு தலைமுறை படித்தது. யுத்தம் முடிந்தபின்னும் தறப்பாள் கொட்டிலும் தகரக் கொட்டகையும் கிடுகு வேய்ந்த அடுப்படியுமே பலருக்கு வாய்த்தன. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் தம் சொந்த ஊருக்கு அனுப்பப்படவில்லை. சீனியாமோட்டையிற் காடு வெட்டிய நிலத்தில் இறக்கப்பட்டனர். ஒரே கூரையின்கீழ் அடுப்புக்கும் பாய்க்கும் இடையே ஒரு முழமே எஞ்சுமாயின், அந்த ஒரு முழத்தை நிர்ணயித்தவர் யார்?

எரிந்தவரைக் குறை கூறாமல் எரித்த போத்தலை ஆராய்ந்த ஒருவர் இந்நாட்டில் இருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, தீக்காயமுற்று வந்த ஏழைகளுக்குச் சிகிச்சை அளித்தவர். நெடிய போத்தல் எளிதிற் சரிகிறது, சரிந்தால் உருள்கிறது, இறுக்கமற்ற மூடி கழன்று எண்ணெய் சிந்துகிறது. இதனைக் கண்ட அவர், குட்டையான மாமைட் போத்தலை முன்மாதிரியாகக் கொண்டு, தடித்த கண்ணாடியில், இருபக்கம் தட்டையாக, திருகு மூடியோடு 'சுதீப' என்னும் விளக்கை ஆக்கினார். அதற்காக 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். அதே தாய், அதே குழந்தை, அதே நிலம். போத்தல் மாறினால் விபத்துக் குறைகிறது. 'கவனக்குறைவு' வாதத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பு உண்டோ?

2021 நவம்பரில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபோதும் முதலிற் பழி சுமத்தப்பட்டவை வீட்டிலிருந்த குழாயும் ரெகுலேற்றருமே. ஜனாதிபதி நியமித்த குழுவோ, புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை விகிதம் மாற்றப்பட்டதே பிரதான காரணம் என டிசெம்பரில் அறிக்கையிட்டது. புரொப்பேன் மிகுந்தால் கொள்கலனுள் அமுக்கம் உயரும். இவ்விகிதம் அடுப்படியில் நிற்கும் பெண்ணைக் கேட்டா மாற்றப்பட்டது?

"அப்படியாயின் கவனமே வேண்டாமோ?" எனச் சில அன்பர் வினவுவர். வேண்டும், நிச்சயமாக வேண்டும். எரியும் விளக்கில் எண்ணெய் வார்க்கலாகாது. தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாது மூடியால் மூடவேண்டும். எரிவாயு மணந்தால் மின் ஆளியைத் தொடாது கதவு யன்னலைத் திறக்கவேண்டும். உடையில் தீ பற்றினால் ஓடாது நிலத்திற் புரளவேண்டும். தீப்புண்ணிற் பற்பசை பூசாது 20 நிமிடம் குளிர்ந்த நீரை வார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குழாய் இல்லாத வீட்டில் கிணற்று நீர் போதும். இவற்றை ஒவ்வொரு பிள்ளையும் அறியச் செய்வது ஆசிரியராகிய எமது கடன். அறிவு ஏழைக்கு ஆயுதம். ஆனால் அதே அறிவை ஏழையைக் குற்றவாளியாக்கும் சாட்சியாக மாற்றுவதை நாம் அனுமதிக்கலாகாது.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஆசிரியத் தோழர்களே, உபதேசத்தோடு நின்றுவிடாதீர்கள். வீட்டுத்திட்டம் எதுவாயினும் தீப்பற்றாத கூரையும் சுவரும் கொண்ட அடுப்படி அதில் இருக்கவேண்டும் எனக் கேளுங்கள். விற்பனைக்கு வருமுன்னரே எரிவாயுவும் அடுப்பும் விளக்கும் பரிசோதிக்கப்பட வேண்டும் எனக் கேளுங்கள். மேசை இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் விளக்கை மேசைமீது வைக்கச் சொல்லும் பாடத்தை முதலில் நாமே திருத்துவோம்.