நாயோடு வேனில் காட்டுக்குப் போகலாமா? ரீல்ஸ் காட்டாத மீதிக் கதை

பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்ட ஒரு வேன். ஜன்னலில் தலையை நீட்டி, காது காற்றில் பறக்க, நாக்கைத் தொங்கவிட்டபடி ஒரு லாப்ரடார். அடுத்த ஷாட்டில் தேயிலைத் தோட்டம். அதற்கடுத்த ஷாட்டில் ரோட்டோரம் நிற்கும் யானை. பின்னணியில் மெல்லிய கிட்டார் இசை. 'வாழ்ந்தா இப்படி வாழணும்' என்று கீழே கமென்ட் குவிகிறது. இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு.

ஆசை நியாயமானதுதான். வாரம் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டு, லாங் வீக்கெண்ட் வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வால்பாறைக்கோ முதுமலைக்கோ கிளம்புகிறவர்கள், வீட்டு நாயை போர்டிங்கில் விட்டுவிட்டுப் போக மனசு வராமல் தவிக்கிறார்கள். நாயும் குடும்பத்தில் ஒரு ஆள்தான். பெட் ஃப்ரெண்ட்லி ஹோம்ஸ்டேக்களும் பெருகிவிட்டன. அப்புறம் என்ன பிரச்சனை?

பிரச்சனை என்னவென்றால், 'நாயோடு பயணம்', 'காட்டுயிர் போட்டோகிராஃபி' ரெண்டுமே தனித்தனியாக அழகான விஷயங்கள். ஒரே வேனில் ஏற்றினால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும்.

சார்லிக்கு என்ன ஆச்சு?

இந்த வகைப் பயணத்துக்கு உலகம் முழுக்க முன்னோடியாகச் சொல்லப்படுபவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக். 1960-ல் ஒரு பிக்கப் டிரக்கின் பின்னால் சின்ன வீடு மாதிரி ஒரு கேம்பரைப் பொருத்திக்கொண்டு, சார்லி என்ற பூடில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962-ல் 'டிராவல்ஸ் வித் சார்லி' புத்தகமாக வந்தது. அதில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் நுழையும் இடம் கொஞ்சம் காமெடியானது. பூங்காக்காரர்கள் நாயைப் பற்றி எச்சரிக்கிறார்கள். என் நாய் பரம சாது என்கிறார் ஸ்டெய்ன்பெக். சற்று தூரத்தில் ஒரு கரடி கண்ணில் பட்டதும் அந்தச் சாதுப் பிராணி வெறிபிடித்த மாதிரி கத்தித் தீர்க்கிறது. வேறு வழியில்லாமல் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்.

'என் நாய் ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லும் எல்லோரும் இதைப் படிக்கலாம். அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் சமத்தாக நிற்கும் நாய்க்கு யானை வாசனை தெரியாது, சிறுத்தை வாசனை தெரியாது. அது முதல்முறை மூக்கில் ஏறும்போது என்ன செய்யும் என்று வளர்த்தவருக்கும் தெரியாது.

இன்று யெல்லோஸ்டோன் விதி தெளிவாக இருக்கிறது. சாலை, பார்க்கிங், கேம்ப் இடங்களில் இருந்து 100 அடிக்கு மேல் நாயைக் கொண்டுபோகக் கூடாது. 6 அடிக்கு மேல் கயிறு இருக்கக் கூடாது. நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியே இல்லை. இவ்வளவுக்கும் வேன் பயணக் கலாச்சாரம் செழித்து வளர்ந்த ஊர் அது.

வேன் என்பது நகரும் மறைவிடம்

போட்டோ எடுப்பவர்களுக்குத் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. மனிதர் நடந்து வந்தால் ஓடிவிடும் பல விலங்குகள், வண்டிக்குள் இருப்பவரைக் கண்டுகொள்வதில்லை. இன்ஜினை அணைத்து, ஜன்னலில் பீன் பேக் வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக் காத்திருந்தால் வேனே ஒரு மறைவிடம். ஆனா உள்ளே ஒரு நாய் மூச்சிரைக்கிறது, கண்ணாடி பனிக்கிறது, சீட் மாறி உட்காரும்போது மொத்த வண்டியும் ஆடுகிறது. விடியற்காலை வெளிச்சத்தில் ஷட்டர் ஸ்பீடு 1/60-க்கு இறங்கியிருக்கும் நேரத்தில் அந்த ஓர் அசைவு போதும், படம் காலி. ஒரு குரைப்பு வந்தால் விலங்கும் காலி.

சரி, குரைக்காத நாய் என்றே வைத்துக்கொள்வோம். கயிற்றில் கட்டி, அமைதியாக நடத்திக் கூட்டிப்போனால்? ஆஸ்திரேலியாவில் சிட்னி அருகே உள்ள காடுகளில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில், கயிற்றில் கட்டிய நாயோடு ஆள் நடந்துபோன பாதைகளில் பறவை இனங்களின் எண்ணிக்கை 35 சதவீதமும், கண்ணில் பட்ட பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தது. நாய் இல்லாமல் மனிதர் மட்டும் நடந்தபோது ஏற்பட்ட பாதிப்பு பொதுவாக அதில் பாதிகூட இல்லை. தினமும் நாய்கள் நடக்கும் பாதைகளிலும் பறவைகள் பழகிப்போகவில்லை என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். பறவைகளுக்கு அது ப்ரூனோவோ பப்புவோ இல்லை. வேட்டையாடும் மிருகம், அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத பயணி

படம் கெட்டுப்போவது போட்டோகிராஃபரின் நஷ்டம். அடுத்து வருவது காட்டின் நஷ்டம்.

1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்கள் வலிப்பு வந்து சாகத் தொடங்கின. அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 வரை, இறந்துபோயின. காரணம் கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ். பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் நாய்களிடம் இருந்து வந்தது என்று கருதப்பட்டது. 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட ஆசிய சிங்கங்கள் இறந்தபோதும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லாத சிங்கங்கள் அவை. அமெரிக்காவில் இருந்து அவசரமாகத் தடுப்பூசி வரவழைக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் இல்லை, ஆனால் செந்நாய் இருக்கிறது. முதுமலையிலும் ஆனைமலையிலும் கூட்டமாகத் திரியும் இந்த விலங்கு, உலக அளவில் 'அழியும் ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் இருக்கிறது. உலகம் முழுக்க இனப்பெருக்கம் செய்யும் நிலையில் உள்ள செந்நாய்கள் அதிகபட்சம் 2,215 என்பது ஐ.யு.சி.என். மதிப்பீடு. நாய்க்கு நெருங்கிய உறவு என்பதால் நாயின் நோய்கள் அதற்கும் வரும். டிஸ்டெம்பர், ரேபிஸ், பார்வோ எல்லாமே. கூட்டமாகச் சேர்ந்து வாழும் விலங்கு என்பதால் ஒன்றுக்கு வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் ஆபத்து.

'என் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டாச்சே, காட்டோர கிராமத்து நாய்கள்தானே பிரச்சனை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட வீட்டு நாயால் வரும் ஆபத்து மிகவும் குறைவு. கிராமத்து நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதுதான் பெரிய வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனா ஊரில் எத்தனை பேர் வருஷா வருஷம் பூஸ்டர் போடுகிறார்கள்? ரேபிஸ் ஊசி மட்டும் போட்டுவிட்டு 'எல்லாம் போட்டாச்சு' என்று சொல்பவர்கள் எத்தனை பேர்? பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரோட்டோரம் 'ஜஸ்ட் ஒன் மினிட்' என்று இறக்கிவிடும் இடத்தில் நாய் விட்டுப்போவதை வேன் கிளம்பிய பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போதாததற்கு, காட்டோரப் புல்லில் இருந்து உண்ணி ஏறி, வீட்டுக்கு வந்தபின் காய்ச்சலில் படுப்பதும் அதே நாய்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊட்டி-மைசூரு சாலை முதுமலை, பந்திப்பூர் புலிகள் காப்பகங்கள் வழியாகப் போகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை. பகலிலும் வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. ஆக, காட்டுக்குள் வேனை நிறுத்திவிட்டு நட்சத்திரம் பார்த்துத் தூங்கும் கனவு இங்கே நடக்காது. வனத்துறை சஃபாரி வண்டியிலும் நாய்க்கு இடமில்லை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. வன உயிரின பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி, காட்டு விலங்கைத் துரத்துவதும் விரட்டுவதும்கூட 'வேட்டை' என்ற வரையறைக்குள் வரும். கயிறு நழுவி, நாய் ஒரு புள்ளிமானின் பின்னால் ஓடினால், 'அது விளையாடுச்சு சார்' என்று வனச்சரகரிடம் விளக்க வேண்டி வரும்.

அப்போ வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு சஃபாரி போனால்? அது இன்னும் மோசம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை.

நாய் கூட வந்தே ஆக வேண்டும் என்றால், பயணத்தின் இலக்கை மாற்றுவதுதான் நேர்மையான வழி. பொள்ளாச்சி தென்னந்தோப்பு, கிராமத்துச் சாலைகள், ஆட்கள் புழங்கும் கடற்கரைகள் என்று நாய்க்கும் கேமராவுக்கும் இடம் இல்லாமல் இல்லை. ஏரிக்கரையில் மட்டும் கயிறு கையில் இருக்கட்டும், ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடும். காடுதான் வேண்டும் என்றால் இரண்டு பேராகப் போய், ஒருவர் சஃபாரி போகும்போது இன்னொருவர் ஊருக்குள் நாயோடு இருக்கலாம். அடுத்த ட்ரிப் மாறிக்கொள்ளலாம்.

தங்கும் இடத்திலும் இருட்டிய பிறகு நாய் அறைக்குள் இருக்க வேண்டும். மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இறைச்சியில் 39 சதவீதம் நாய் என்று தெரியவந்தது. மசினகுடியிலோ வால்பாறையிலோ ராத்திரி வராந்தாவில் கட்டிப்போட்ட நாய், சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு மாதிரி. பெட் ஃப்ரெண்ட்லி என்று போர்டு மாட்டும் ரிசார்ட்கள் புக்கிங் பக்கத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் நல்லது.