கோடைக்கானல் வெயில் சுடாது, ஆனால் விடாது!

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் எந்தக் குடும்பத்தின் பையைத் திறந்து பார்த்தாலும் ஸ்வெட்டர் இருக்கும், குரங்குக் குல்லா இருக்கும், வாந்தி மாத்திரை இருக்கும், புளியோதரைப் பொட்டலமும் இருக்கும். சன்ஸ்கிரீன்? இருந்தால் காலேஜில் படிக்கும் பெண்ணின் கைப்பையில் மட்டும் இருக்கும். அதையும் அவள் ஏரிக்கரையில் எடுத்துப் பூசினால், "இந்தக் குளிருல வெயில் கிரீம் எதுக்கும்மா?" என்று ஒரு மாமா கிண்டலடிப்பார். ஊருக்குத் திரும்பிய இரண்டாம் நாள் அதே மாமாவின் மூக்கும் முன்வழுக்கையும் தோல் உரியும். "பனி அடிச்சிடுச்சு" என்பார்.

பனி அடிக்கவில்லை. வெயில்தான் அடித்திருக்கிறது!

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. தோலைக் கருக்குவதும் உரிப்பதும் புற ஊதாக் கதிர். அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது, உடம்பால் உணரவும் முடியாது. மதுரையில் வெயில் சுடுவதால் ஆட்கள் தானாகவே நிழலுக்கு ஓடுகிறார்கள். கொடைக்கானலில் காற்று குளிர்வதால் மூன்று மணி நேரம் படகு, சைக்கிள், கோக்கர்ஸ் வாக் என்று வெட்டவெளியிலேயே சுற்றுகிறார்கள். எச்சரிக்கை மணி அடிக்காத இடத்தில்தான் ஆபத்து அதிகம்.

உயரம் கூடக் கூட மேலே இருக்கும் காற்று குறைகிறது. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடிவாரத்தில் பழனி சுமார் 300 மீட்டர், மேலே கொடைக்கானல் 2100 மீட்டருக்கும் மேல். அப்படியென்றால் பழனியில் அடிக்கும் கதிரைவிட மேலே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மேகம் காப்பாற்றும் என்று நினைத்தால் அதுவும் ஏமாற்றம்தான். மெல்லிய மேகம் வழியாக 80 சதவீதம் வரை கதிர் இறங்கிவிடும்.

இன்னொன்றும் உண்டு. கொடைக்கானல் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரியில் இருக்கிறது. சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும். ஏப்ரல், மே மாதங்கள்தான் கொடைக்கானல் சீசன்! வெயிலுக்குப் பயந்து மலையேறுபவர்கள், சூரியன் தலைக்கு நேரே நிற்கும் நாளாகப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள்.

இந்த மலைக்கும் சூரியனுக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1899-ல் இங்கே சூரிய ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதைக் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அது 'எவர்ஷெட் விளைவு' என்றே அழைக்கப்படுகிறது. 1920-களின் கடைசியில் ஓசோனை அளக்க டாப்சன் தன் கருவிகளை உலகத்தின் சில இடங்களுக்கு அனுப்பியபோது, அவற்றில் ஒன்று வந்து சேர்ந்ததும் கொடைக்கானலுக்குத்தான். வெப்பமண்டலத்தில் ஓசோன் படலம் ஐரோப்பாவைவிட மெல்லியது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவரும் ஊருக்கு, மூக்கில் ஒரு சொட்டு கிரீம் இல்லாமல் போய் வருகிறோம்.

"நம்ம தோலுக்கு இதெல்லாம் தேவையா?"

நியாயமான கேள்வி. கருத்த தோலில் உள்ள மெலனின் ஒரு இயற்கைக் குடை. வெள்ளைக்காரர்களோடு ஒப்பிட்டால் தோல் புற்றுநோய் இந்தியர்களுக்கு மிகவும் குறைவு. அதை மறைத்துவிட்டு, புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தி கிரீம் விற்பது நேர்மையல்ல. ஆனால் குடை இருப்பதால் மழையே நனைக்காது என்று ஆகிவிடுமா?

வீட்டில் ஒவ்வொருவராகப் பார்க்கலாம். அம்மாவின் கன்னத்தில் இருக்கும் மங்கு வெயில் பட்டால் இன்னும் கருக்கும். எத்தனை மருந்து போட்டாலும் வெயிலைத் தடுக்காவிட்டால் அது திரும்பி வரும். வேன் ஓட்டும் அப்பாவுக்கு வலது கை. ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி-யைத் தடுக்கும், ஏ-யை உள்ளே விட்டுவிடும். தாத்தாவுக்கு வழுக்கைத் தலையும் கண்ணும். கண்புரைக்கு வெயிலும் ஒரு காரணம். வீட்டில் யாருக்காவது வெண்புள்ளி இருந்தால் அந்த இடத்தில் மெலனினே இல்லை, சீக்கிரம் வெந்துவிடும். பிறவியிலேயே நிறமி இல்லாத குழந்தைக்கோ இது அழகுப் பிரச்சனையே அல்ல, உயிர்ப் பிரச்சனை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு மட்டும் கிரீம் வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

"அப்போ வைட்டமின் டி?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டு நாள் சுற்றுலாவில் மூக்குக்கும் கழுத்துக்கும் கிரீம் போட்டதால் யாருக்கும் எலும்பு தேயாது.

இனி கொஞ்சம் கணக்கு

எஸ்பிஎஃப் 30 என்றால் புற ஊதா பி-யில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த எண் எப்படி வந்தது? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி ஆய்வகத்தில் அளந்த எண் அது. பெரும்பாலானவர்கள் அதில் பாதிகூடப் பூசுவதில்லை.

சரியாகப் பூசினால் என்ன ஆகும்? முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழே என்று வைத்தால் பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 5 கிராம், குழந்தைக்கு 3 கிராம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் - மொத்தம் 16 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும் என்பது விதி. ஒரு நாளில் இரண்டே தடவை என்றாலும் 32 கிராம். 50 கிராம் டியூப் இரண்டாம் நாள் மதியத்துக்குள் காலி! டியூப் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2024-25-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலியான 319 ரூபாயைவிட அது அதிகம்.

அதனால்தான் சன்ஸ்கிரீனை மட்டும் நம்பச் சொல்லும் விளம்பரம் பாதி உண்மைதான். டியூபில் அச்சடித்த எண்ணும் வேதவாக்கு அல்ல. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் 'சாய்ஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. அதில் 16, தாங்கள் சொன்ன எஸ்பிஎஃப் அளவை எட்டவில்லை.

மீதிப் பாதி உண்மை பூம்பாறையிலும் மன்னவனூரிலும் வயலில் நிற்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை விளைவிக்கும் ஊர்கள் இவை. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டியிருப்பார்கள். சட்டை பெரும்பாலும் வீட்டுக்காரருடைய பழைய சட்டையாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டாத, காலாவதி தேதி இல்லாத சன்ஸ்கிரீன் அது. டூரிஸ்டுகள் வயலை போட்டோ எடுப்பதோடு நிறுத்தாமல் இந்தச் சட்டையையும் காப்பியடிக்கலாம். முழுக்கைச் சட்டை, விளிம்பு அகலமான தொப்பி என்று போனால் முகம், கழுத்து, புறங்கை மட்டும்தான் மிச்சம். கிரீம் செலவும் பாதியாகிவிடும். அந்தக் கிரீமை வீட்டில் எல்லோரும் பூசலாம்.

ஆனால் துணியால் மூட முடியாத இடம் எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு மலிவான கிரீம் கிடைக்க வேண்டும். இங்கேதான் வரி குறுக்கே நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டால்கம் பவுடர், ஃபேஸ் பவுடர், ஹேர் ஆயில், ஷாம்பு ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. சன்ஸ்கிரீன் மட்டும் 18-லேயே நின்றுவிட்டது. முகத்தை வெள்ளையாகக் காட்டும் பவுடருக்கு 5, முகத்தைக் காப்பாற்றும் கிரீமுக்கு 18. என்ன நியாயம் இது? ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஃப் 15-ம் அதற்கு மேலும் உள்ள சன்ஸ்கிரீனுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. இங்கே 5 ஆக்கினால் 400 ரூபாய் டியூபில் 44 ரூபாய் குறையும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை போல இலவசமாகவே கொடுக்கலாம்.

வரி மட்டும் குறைந்தால் போதாது, எண்ணமும் மாற வேண்டும். பல வருஷம் சிவப்பழகு கிரீம் விற்ற அலமாரியிலேயே சன்ஸ்கிரீனையும் வைத்ததால், அது கருக்காமல் இருக்க ஆசைப்படும் பெண்களின் சமாச்சாரம் என்று ஆகிவிட்டது. அதனால்தான் ஆண்கள் தொட வெட்கப்படுகிறார்கள், பாட்டி "எனக்கெதுக்கு இந்த வயசுல" என்கிறார். கருப்பாவது குற்றமில்லை, வெந்துபோவதுதான் பிரச்சனை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட வீட்டில் சன்ஸ்கிரீன் மேக்கப் பெட்டியில் இருக்காது. பல்பொடியும் கொசுவத்தியும் இருக்கும் அலமாரியில், எல்லோருக்கும் கை எட்டுகிற உயரத்தில் இருக்கும்.