தொண்டரோ, கூலியாளரோ?

மருந்துச் சோதனைக்குப் பணம் பெற்று உடலை ஒப்புவிப்போரைத் ‘தொண்டர்’ என்றெழுதும் வழக்கை யான் ஒப்பேன். தொண்டு கைம்மாறு கருதாதது. 2006 மார்ச் 13இல் இலண்டன் நோர்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஏறத்தாழ 2,000 பவுண் பேசி எண்மர் அவ்வாறு படுத்தனர். இருவர்க்கு ஏற்றியது மருந்தற்ற நீர், அறுவர்க்கோ புதுமருந்து. குரங்குகளுக்கு ஊறு செய்யாத அளவில் 500இல் ஒரு பங்குதானாம்! முதல்வருக்கு யாது நேர்கின்றதெனப் பாராது, சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினர். அன்றே அறுவரும் வீழ்ந்தனர், உள்ளுறுப்புக்கள் செயலிழந்தன. உயிர் தப்பினராயினும் ஒருவர் விரல்களை இழந்தார். மருந்தை ஆக்கிய ஜெர்மானியக் கும்பனியோ அவ்வாண்டே முறிந்தது.

கொடுக்கும் பணம் நேரத்துக்கும் அசௌகரியத்துக்குமே, ஆபத்துக்கன்று என்பது இத்துறையார் வாதம். நோயற்ற இளைஞன் வேறெதனை விற்கின்றான்? ‘கூலியாளர்’ என்றே எழுதுக. இடருக்கு விலை கேட்க அவனுக்கு அப்போதாவது நா எழும்.