நெய்வேலியில் யார் வெளியூர்? பீகானேரில் யார் வெளியூர்?

கடலூர் மாவட்டத்தில் என்எல்சி பற்றிப் பேச்சு எழுந்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே ‘வடக்கத்தி ஆளுங்க’ வந்துவிடுவார்கள். நிலம் எங்களுடையது, வேலை அவர்களுக்கா என்பதுதான் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதே என்எல்சி, இங்கிருந்து 2 ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ராஜஸ்தானின் தார் பாலைவனத்திலும் சுரங்கம் தோண்டுகிறது, மின்சாரம் எடுக்கிறது. பீகானேர் அருகே இருக்கிற பர்சிங்சர் கிராமத்துக்காரரிடம் கேட்டால், அங்கே வந்திறங்கிய ‘வெளியூர்க் கம்பெனி’ தமிழ்நாட்டுக் கம்பெனிதான்.

ஒரே நிறுவனம், இரண்டு ஊர். ஓர் ஊரில் ‘மண்ணின் மைந்தர்’ என்று நிற்பவர்கள், இன்னோர் ஊரில் வந்தேறிகளாகத் தெரிகிறார்கள். இந்தச் சண்டையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நெய்வேலி

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் தொடங்குகிறது இந்த ஊரின் கதை. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. இடைப்பட்ட காலம் பெரும்பாலும் தண்ணீரோடு நடந்த போராட்டம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காது. அந்த இறைப்பு இன்றுவரை நிற்கவில்லை. சுற்று வட்டார கிராமங்களில் ‘முன்னாடி பத்தடியில தண்ணி வந்துச்சு’ என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

சுரங்கத்தோடு ஒரு டவுன்ஷிப்பும் வந்தது. நேர் சாலைகள், ‘பிளாக்’ எண்கள், மரங்கள், பள்ளிகள், ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளா, ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்கணும்: வேலியைத் தாண்டிய கிராமத்துக்கு, குவார்ட்டர்ஸில் இருந்த தஞ்சாவூர்க்காரரும் மதுரைக்காரரும்கூட வெளியூர்க்காரர்கள்தான். ‘உள்ளே இருக்கிறவன், வெளியே இருக்கிறவன்’ என்ற பிரிவு இந்தி பேசும் பொறியாளர்கள் வருவதற்கு முன்பே போடப்பட்ட கோடு. அப்போது அது பெரிதாகக் கொதிக்காமல் இருந்ததற்குக் காரணம் எளிமையானது. நிலம் கொடுத்த வீட்டில் ஒருத்தருக்காவது நிரந்தர வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. பலருக்குக் கிடைக்கவும் செய்தது.

கதவு எப்போது மூடியது?

இதில் பலர் கவனிக்காத ஒரு சட்டத் திருப்பம் உண்டு. ஒரு காலத்தில் பொதுத்துறை நிறுவனங்களின் கீழ்நிலைப் பணியிடங்கள் பெரும்பாலும் உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக நிரம்பின. பதிவு கடலூரில் இருந்தால், அழைப்பும் கடலூருக்கு வரும். எந்த இடஒதுக்கீட்டுச் சட்டமும் இல்லாமலேயே அது உள்ளூர்க்காரருக்கு ஒரு வாசலாக இருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, பொது விளம்பரமும் கொடுத்து எல்லோரையும் விண்ணப்பிக்க விட வேண்டும் என்றது. தீர்ப்பு நியாயமானதுதான், எல்லோருக்கும் சம வாய்ப்பு. ஆனால் நிலத்தை இழந்தவரும், அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்க்காதவரும் ஒரே வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

இன்னொரு பக்கம், நிரந்தரப் பணியிடங்கள் சுருங்க, ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெருகினார்கள். ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட், ஆனால் சம்பளச் சீட்டு வேறு. பணி நிரந்தரம் கேட்டு நடந்த வேலைநிறுத்தங்களை எண்ணி முடிக்க முடியாது. 2014 மார்ச்சில் சுரங்க வாயிலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சுட்டதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இறந்ததும், அதன் பின் வெடித்த கலவரமும் இந்தப் பகுதியில் யாரும் மறக்காத சம்பவங்கள்.

பொறியாளர் பணியிடங்களுக்கு ‘கேட்’ தேர்வு மதிப்பெண் அடிப்படையானது இதன் அடுத்த கட்டம். 2022-ல் சுமார் 300 பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர் இடங்களுக்கான தேர்வுப் பட்டியலில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் யாருமே இல்லை என்று பாமக உள்ளிட்ட கட்சிகள் கிளப்பிய புயல் ஞாபகம் இருக்கலாம். முதல்வர் ஸ்டாலினும் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இங்கே கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நெய்வேலிக்கு அங்கிருந்து காலையில் கிளம்பினால் வேலை நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கில் பொறியியல் கல்லூரிகள். ஆனால் நம்ம ஊர் மாணவர்களின் கண் கேம்பஸ் இன்டர்வியூ மேல், ஐடி கம்பெனிகள் மேல். ‘கேட்’டுக்கு இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வடமாநிலங்களில் வேரூன்றிய அளவுக்கு இங்கே ஊன்றவில்லை. ஆகவே வந்தவர் தேர்வெழுதித்தான் வந்தார். அவர்மேல் கோபப்படுவதில் அர்த்தமில்லை. அதே நேரம், எந்த ஊரின் நிலத்தடி நீரையும் வயலையும் எடுத்துக்கொண்டாலும் ஆள் எடுப்பதற்கு மட்டும் அந்த ஊரைப் பார்க்கத் தேவையில்லை என்ற விதியை யார் வகுத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வளையமாதேவி

2023 ஜூலை 26. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், கதிர் பிடிக்கும் நிலையில் இருந்த நெற்பயிர் மேல் பொக்லைன் இறங்கிய காட்சி எல்லோருடைய போனிலும் ஓடியது. இரண்டாவது சுரங்கத்தை விரிவாக்க, பரவனாற்றை நிரந்தரமாகத் திசைதிருப்பும் கால்வாய் வெட்டியாக வேண்டும் என்பது என்எல்சி தரப்பு. நிலம் 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தப்பட்டுவிட்டது, பயிர் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம், கால்வாய் தாமதமானால் நிலக்கரி தட்டுப்பட்டு மின் உற்பத்தி நின்றுவிடும் என்றது நிறுவனம்.

காகிதப்படி அதில் தவறு கண்டுபிடிப்பது கடினம். ஆனால் பத்து வருஷத்துக்கும் மேலாக எடுத்த நிலத்தை எடுக்காமல் விட்டு, விவசாயி நட்டு, களையெடுத்து, உரம் போட்டு முடித்த பிறகு வந்து இறங்குவதை எந்தக் காகிதமும் நியாயப்படுத்தாது. அறுவடை வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்றுதான் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.தண்டபாணியும் கேட்டார். பிறகு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் பயிர் இழப்பீடு தர உத்தரவானது. இடையில் ஜூலை 28-ல் பாமகவின் முற்றுகைப் போராட்டம், அன்புமணி கைது, கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச்சூடு.

அந்தப் பயிர் விவகாரத்தில் ‘வடக்கத்தி’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிலம் எடுத்துக் கொடுத்தது தமிழ்நாடு வருவாய்த் துறை. பாதுகாப்புக்கு நின்றது தமிழ்நாடு போலீஸ். எடுக்கப் பயன்பட்டது தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம், 1997.

சரி, பாலைவனத்துக்கு வருவோம்

பீகானேர் மாவட்டம் பர்சிங்சரில் என்எல்சிக்கு ஆண்டுக்கு 21 லட்சம் டன் திறனுள்ள சுரங்கமும் 250 மெகாவாட் அனல்மின் நிலையமும் உள்ளன. அங்கேயே 300 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். என்எல்சி மட்டுமில்லை, பொதுத்துறை, தனியார் என எல்லோருக்கும் இப்போது மேற்கு ராஜஸ்தான்தான் குறி. பலோடி அருகே பாட்லா சோலார் பூங்கா மட்டுமே 2,245 மெகாவாட். வெயில் அதிகம், நிலம் மலிவு, ‘யாரும் இல்லாத தரிசு’ என்பதுதான் விளம்பரம்.

யாரும் இல்லாத நிலமா? அங்கேதான் சண்டை. வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் இடம், ஊர்க்காரருக்கு ஆடு, ஒட்டகம் மேயும் புறம்போக்கு. சில இடங்களில் அது ‘ஓரண்’, அதாவது கிளையைக்கூட ஒடிக்கக் கூடாத கோயில் காடு. அங்கே நிற்கும் முக்கியமான மரம் கேஜ்ரி. இலை ஆட்டுக்குத் தீவனம், காய் வீட்டுக்குக் காய்கறி, பஞ்ச காலத்தில் உயிர் காப்பது அதுதான். ராஜஸ்தானின் மாநில மரமாக 1983-ல் அறிவிக்கப்பட்டது. 1730-ல் ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் அந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி தலைமையில் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்ற 363 பிஷ்னோய்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அந்தச் சமூகத்தின் மாறாத நினைவு. சோலார் தகடுகளுக்கு இடம் செய்ய கேஜ்ரி மரங்கள் சாய்க்கப்படுவதை எதிர்த்து 2024-லிருந்து பீகானேர் பகுதியில் தர்ணாக்கள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் தனியார் சோலார் நிறுவனங்கள்தான் அங்கே எதிர்த்தரப்பு.

கேஜ்ரி நமக்குத் தெரியாத மரமில்லை. தமிழில் அதற்கு வன்னி என்று பெயர். நெய்வேலிக்குப் பக்கத்திலேயே விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தல மரம் அதுதான். கோயில் கட்டியவர்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுக்க, அவரவர் உழைப்புக்கு ஏற்றபடி அது பொன்னாக மாறியது என்று தலபுராணம் சொல்லும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் காதில் விழுந்தால் சிரிப்பார்கள்.

பாலைவனத்தில் ‘வந்தவர்’, ‘இருந்தவர்’ சண்டை சோலாரோடு தொடங்கவும் இல்லை. 1958-ல் கட்டத் தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், இன்றைய இந்திரா காந்தி கால்வாய், தண்ணீர் கொண்டுவந்ததும் மணல் மேட்டுக்கு மதிப்பு வந்தது. இமாச்சலத்தில் போங் அணை 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றியது. அவர்களில் பலருக்கு இந்தக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் நிலம் ஒதுக்கப்பட்டது. மலையில் வாழ்ந்தவர்களைக் கொண்டுபோய் பாலைவனத்தில் விட்டார்கள். பலரது நிலத்தை உள்ளூர் வலுவானவர்கள் ஆக்கிரமித்தார்கள். பலர் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பினார்கள். பலரது ஒதுக்கீடு ரத்தானது. உச்ச நீதிமன்றம் 1996-ல் தலையிட்டு உயர்நிலைக் குழு அமைக்கச் சொன்ன பிறகும் பிரச்சினை இழுத்துக்கொண்டே போனது. அங்கே வந்தவர்கள் அணைக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்கள். அவர்களை எதிரியாகப் பார்த்த உள்ளூர்க்காரர்களும் பணக்காரர்கள் மட்டுமே இல்லை. இரண்டு தரப்பையும் மோதவிட்ட திட்டம் மட்டும் ‘தேசத்தின் வளர்ச்சி’ என்ற பெயரோடு எந்தக் கேள்விக்கும் ஆளாகாமல் தப்பித்துக்கொண்டது.

உள்ளூர்க்காரருக்கே வேலை என்று சட்டம் போட முடியாதா?

சுலபமில்லை. அரசியல் சாசனத்தின் 16(2) பிரிவு, பிறந்த இடம், வசிப்பிடம் பார்த்து அரசுப் பணியில் பாகுபாடு கூடாது என்கிறது. வசிப்பிடத்தை நிபந்தனையாக்க 16(3)-ன்படி நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். தனியார் துறையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று ஹரியாணா கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜூலையில் கர்நாடகா இதேபோன்ற மசோதாவை அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது.

ஆனால் ‘தமிழருக்கு வேலை’ என்பதும் ‘நிலம் இழந்தவருக்கு வேலை’ என்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. இரண்டாவதுக்கு வழி உண்டு. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, திட்டத்தால் வேலை உருவாகும் இடங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் குறைந்தது 2 ஆயிரம் ரூபாய் என்று தேர்வு கொடுக்கிறது. மூன்றில் எதைக் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள் என்பதுதான் சிக்கல். நிலம் கொடுத்த குடும்பத்தினருக்கு ஆட்சேர்ப்புத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் தருவதாகவும் என்எல்சி அறிவித்தது. போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது. கோஷம் எவ்வளவுக்கு ‘தமிழன்-வடக்கன்’ பக்கம் சாய்கிறதோ, அவ்வளவுக்கு இந்த வலுவான சட்ட வாதம் பின்னுக்குப் போகிறது. வெறுப்புக்கு வேறு விலையும் உண்டு: 2023 மார்ச்சில் பிஹார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவிய போலி வீடியோக்களால் ரயில் ஏறி ஓடியவர்கள் தினக்கூலிகள், பொறியாளர்கள் யாருமில்லை.

மாநில அரசு எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய கடலூர் மாவட்ட ஒன்றியங்களும் உண்டு. 2023 மார்ச் இறுதியில் கிழக்கு சேத்தியாத்தோப்பு நிலக்கரித் தொகுதியை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தபோது, ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்குப் பின் சில நாட்களிலேயே அது நீக்கப்பட்டது. அது ஏப்ரல். ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டக் காவல் நின்றதும் அதே அரசுதான். இரண்டுக்கும் இடையே தூரம் சில கிலோமீட்டர். வித்தியாசம், ஒன்று புதுச் சுரங்கம், இன்னொன்று ஏற்கெனவே ஓடுகிற சுரங்கத்தின் விரிவாக்கம். நெய்வேலி மின்சாரத்தில் பெரும் பங்கு வாங்குவது தமிழ்நாடு. 2013-ல் என்எல்சி பங்குகளை மத்திய அரசு விற்க முனைந்தபோது, தனியார் கைக்குப் போகக் கூடாது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாட்டுப் பொதுத்துறை நிறுவனங்களை வைத்து வாங்க வைத்தார். அன்று நெய்வேலியில் பட்டாசு வெடித்தார்கள். கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன் கிராமத்துக்காரர்கள் இன்று இழப்பீடு கேட்டு மனு கொடுக்கும் நிறுவனத்தில், அந்த வகையில் தமிழ்நாடு அரசும் ஒரு பங்குதாரர்.