பட்ட மரம் குப்பையா?

பட்டுப்போன மரத்தின் அடியில், சாப்பாட்டுத் தட்டைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் மரக்காளான் நீட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொட்டால் கட்டைபோல் கெட்டியாக இருக்கும். "மரத்தைக் கெடுக்கும் பூஞ்சை, வெட்டி எரித்துவிடு" என்பார்கள் பெரியவர்கள். தென்னந்தோப்பில் அது சரியே. தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கித் தென்னையைக் கொல்லும் கானோடெர்மா இவ்வகைக் காளான்தான். ஆனால், தோப்பின் சட்டத்தைக் காட்டிலும் செலுத்துவது தவறு என்பது என் கருத்து.

நாம் காணும் தட்டு, வித்துத்தூளை உதிர்க்கும் உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் நூலிழைகளாக மரத்துக்குள் பரவியிருக்கிறது. அந்த இழைகள் நொதிகளைச் சுரந்து மரத்தைச் சிதைத்து உறிஞ்சுகின்றன. மரத்தில் செல்லுலோஸும், அதைச் சிமெண்டுபோல் இறுக்கும் லிக்னினும் உண்டு. சில பூஞ்சைகள் செல்லுலோஸைத் தின்று லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிடும். மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடிக்கும். வேறு சில லிக்னினையும் சிதைக்கும். மரம் வெளுத்து நார்நாராகும். இந்த இரண்டாவது வேலையைச் செய்ய வல்ல உயிர்கள் மிகச் சிலவே. மரம் பல ஆண்டுகளாகச் சேர்த்த சத்து இப்படித்தான் மண்ணுக்குத் திரும்புகிறது.

இளகிய மரத்தில் வண்டுப் புழுக்கள் குடியேறும். அவற்றைத் தேடி மரங்கொத்தி வந்து பொந்தும் குடையும். நம் ஆனைமலையில் வாழும் இருவாச்சிக்கோ அந்தத் தச்சு வேலை தெரியாது! பெருமரத்தின் உட்பகுதி உளுத்து உண்டான பொந்தைத்தான் அது நம்பியிருக்கிறது.

இது வெறும் பறவைப் பாசம் அன்று. நீதிமன்றம் வரை சென்ற விஷயம். போலந்தின் பியாவோவியெஜா காட்டில் பட்டை வண்டுகள் ஸ்புரூஸ் மரங்களைத் தாக்கின. அதைக் காரணம் காட்டி, 2016-இல் அரசு ஒரு வனக்கோட்டத்தில் மரம் வெட்டும் அளவை ஏறக்குறைய மூன்று மடங்காக்கியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் அதைச் சட்டவிரோதம் என்றது. பட்ட மரங்களை அகற்றினால் சில ஆந்தைகளும் மரங்கொத்திகளும் வண்டுகளும் வாழிடம் இழக்கும் என்பதை அது கணக்கில் கொண்டது.

பாதையில் சாய்ந்து ஆபத்து விளைவிக்கும் மரத்தை வெட்டத்தான் வேண்டும். வெட்டிய கட்டையை ஓரமாகப் புரட்டிவிட்டால் போதாதா? லாரியில் ஏற்றுவானேன்?

பள்ளி முகாமுக்காகக் காட்டுக்குச் சென்றால் பிளாஸ்டிக்கைப் பொறுக்குங்கள். உளுத்த கட்டையை விட்டுவிடுங்கள். காளானைக் குனிந்து பார்க்கலாம். கட்டைக்கு அடியில் மட்டும் கை விடாதீர்கள், தேள் இருக்கும்.