ஸ்கின் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

கேமரா வாங்கின கையோட அடுத்த கேள்வி வந்துடும்: "மச்சி, ஸ்கின் ஒட்டிட்டியா?" போனுக்கு டெம்பர்டு கிளாஸ் மாதிரி, கேமராவுக்கு ஸ்கின்னும் ஒரு சடங்கு ஆகிடுச்சு. ஒட்டாதீங்கன்னு சொல்ல வரல. எதுக்குன்னு தெரிஞ்சு ஒட்டுங்க.

ஸ்கின்னுங்கறது பசை தடவின மெல்லிய வினைல் தாள், மாடலுக்கேத்த மாதிரி வெட்டினது. ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டினா வளைவுகள்ல படிஞ்சுக்கும். பையில சாவி உரசுறது, மேசையில தேய்க்கிறது, கை வியர்வை இதெல்லாம் பெயின்ட்டைத் தொடாம பார்த்துக்கும். அவ்வளவுதான். கீழ விழுந்தா அந்த அடியை அது தாங்காது. பட்டன் இடுக்குல இறங்குற மழைத்தண்ணியையும் தடுக்காது.

நம்ம ஊர்ல, அதுவும் கடற்கரைப் பக்கம், கேமராவுக்கு நிஜ எதிரி ஈரப்பதம். மழைக்காலத்துல மாசக்கணக்கா பைக்குள்ளயே கிடந்தா லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிக்கும். அது போட்டோவைக் கெடுக்கும். பாடியில விழுந்த கீறல் எந்தப் போட்டோவுலயும் தெரியாது. அதனால முதல் செலவு காத்துப் புகாத டப்பாவுக்கும் சிலிகா ஜெல்லுக்கும். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தா போதும். அடுத்தது நல்ல ஸ்ட்ராப். மிச்சம் இருந்தா ஸ்கின்.

கீறல் தெரியுற ஒரே இடம் விற்பனை விலை. ரெண்டு வருஷத்துல வித்துட்டு அடுத்த மாடலுக்குப் போகணும்னா தாராளமா ஒட்டுங்க. மைக், சென்சார், காற்றுத் துளைகளை மட்டும் மூடிடாதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க, ஸ்கின்னைப் பிரிச்சுக் காட்டச் சொல்லிப் பாருங்க. அடிபட்ட குழி அதுக்கடியில ஒளிஞ்சிருக்கலாம்.

கார்ட்டியே-பிரெஸ்ஸோனும் தன்னோட லைகாவுல கறுப்பு டேப் ஒட்டினவர்தான். கேமராவைக் காப்பாத்த இல்ல. அதோட பளபளப்பு தெருவுல யார் கண்ணுலயும் படாம படம் எடுக்க.

கடைசியா போட்டோகிராஃபி கிளப் நடத்துறவங்களுக்கு. பத்துக் கை மாறுற கேமராவுக்கு ஸ்கின் நிச்சயம் தேவை. ஒட்டுங்க, ஒட்டிட்டு அதை ஜூனியர் கையில கொடுங்க. கீறல் விழுந்துடும்னு அலமாரியில பூட்டி வெச்சா, அவங்க கத்துக்காமலே நாலு வருஷம் போயிடும். அங்கே கேமராவுக்குப் பூஞ்சையும் பிடிக்கும்.