புளூஸ் இசை: அலறலா, ஆற்றுகையா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், ஜாஸ் இசைகளைப் புகழப் புகுவோரிற் பலர், அவற்றைக் கட்டற்ற உணர்ச்சிப் பெருக்கெனக் கூறி அமைகின்றனர். துன்புற்றோர் அழுதனர், அவ்வழுகையே இசையாயிற்று என்பது அவர்தம் முடிபு. பிரெஞ்சு விமர்சகர் ஹியூக் பனாசியே 1942இல் வெளிவந்த தமது நூலில், இசைத்துறையில் ஆதிமனிதனின் ஆற்றல் நாகரிக மனிதனின் ஆற்றலை விஞ்சியது என வாதிட்டமை இம்மனப்பாங்கின் உச்சமாகும். பாராட்டுப்போலத் தோன்றும் இக்கூற்று, கலைஞனிடம் உணர்ச்சி உண்டென ஒப்புக்கொண்டு சிந்தனை இல்லையென மறுக்கின்றது.

பெஸி ஸ்மித் 1925 சனவரியில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிய ‘செயின்ற் லூயிஸ் புளூஸ்’ இசைத்தட்டை நோக்கலாம். மின்முறை ஒலிப்பதிவு அந்நிறுவனத்திற் புகுமுன் பதிவான தட்டு அது. ஒலிவாங்கி இன்றி ஒரு கூம்புக் குழலின் முன்னின்றே பாடகி பாடினார். மெல்லொலி, வல்லொலி வேறுபாடுகளை அக்குழல் செம்மையாகப் பற்றவல்லதன்று. ஆயினும் பாட்டின் அழுத்தம் குன்றவில்லை. சுரத்தைச் சற்றே தாழ்த்தி வளைத்தும், சொல்லை எதிர்பார்த்த இடத்தில் இடாது தாமதித்தும் அவர் அதனை ஈட்டுகின்றார். அடியிறுதிகளில் அவர் விடும் இடைவெளியில் லூயிஸ் ஆம்ஸ்ரோங்கின் கோர்னெற் மறுமொழி கூறுகின்றது. குரல் மீண்டும் எழுகையில் வழிவிட்டு ஒதுங்குகின்றது. கட்டற்றுப் பெருகும் உணர்ச்சிக்கு இத்துணை அடக்கம் ஏது?

றொபேட் ஜோன்சன் பற்றிய கதை இன்னும் மோசமானது. நாற்சந்தியிற் சாத்தானுக்கு ஆன்மாவை விற்றுக் கிற்றார் வித்தையைப் பெற்றாராம்! பயிற்சியை ஒப்புக்கொள்வதிலும் பேயை நம்புவது எளிதுபோலும். 1936 நவம்பரிலும் 1937 ஜூனிலும் தெக்சாசில் அவர் 29 பாடல்களைப் பதிவுசெய்தார். அவற்றுட் சில இரு பதிவுகளாக எஞ்சியுள்ளன. அவற்றை அடுத்தடுத்துக் கேட்போர், கிற்றார் வாசிப்பின் அமைப்புப் பெரும்பாலும் மாறாதிருப்பதை உணர்வர். கணத்தின் ஆவேசம் என எண்ணப்பட்டது முன்னரே எண்ணி அமைக்கப்பட்டதாகும்.

ஜேர்மன் மெய்யியலாளர் அடோர்னோவின் தாக்குதல் எதிர்த்திசையிலிருந்து வந்தது. ஜாஸ் பற்றிய தமது 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில், அதன் மனோதர்மம் வெறும் பொய்த்தோற்றம், மாறா அச்சின்மீது பூசிய அலங்காரம் என அவர் சாடினார். வர்த்தகத்தின் பிடிபற்றி அவர் கூறியவை புறக்கணிக்கத்தக்கனவல்ல. ஆனால் அச்சு மாறாதது என்பதனால் அதனுள் நிகழ்வதும் வெறுமையானது என்பது பெறப்படாது.

1957 டிசெம்பர் 8இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பில்லி ஹொலிடே பாடிய ‘ஃபைன் அன்ட் மெலோ’ இதனைத் தெளிவாக்கும். நந்நான்கு எண்ணிக்கை கொண்ட 12 தாளக்கூறுகளே அங்கு வாசித்த அனைவர்க்கும் பொதுவான சட்டகம். பென் வெப்ஸ்ரரின் சக்ஸபோன் மூச்சுக் கலந்த தடித்த நாதத்தால் அதனை நிரப்புகின்றது. அடுத்து வாசிக்கும் லெஸ்ரர் யங், உடல்நலம் குன்றியிருந்தவர், மிகச் சில சுரங்களையே தெரிகின்றார். ஒலி மெலிந்தது, தாளத்துக்குச் சற்றே பின்தங்கி நகர்வது. அவரும் ஹொலிடேயும் 1959இல் மறைந்தமையால், இப்பதிவுபற்றி எழுதுவோர் பிரிந்த நண்பர்களையும் கலங்கிய கண்களையும் வருணிப்பதோடு நின்றுவிடுகின்றனர் (கண்ணீர் பற்றி எழுத இசையறிவு வேண்டுவதில்லை). அந்தப் 12 தாளக்கூறுகளில் அவர் எவற்றை வாசியாது விட்டார் என ஆராய்வோர் மிகச் சிலரே.